அறுவை, கடி, மொக்கை

பேச்சால் சலிப்பூட்டுகிறவரைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தாத்தா காலத்தில் அவர் ‘சரியான அறுவை’. கூடவே ரம்பம், பிளேடு என்ற பட்டங்களும் கிடைக்கும். அடுத்த தலைமுறை ‘கடிக்காதேப்பா’ என்றது. கடி ஜோக்குகள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தன. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதே ஆள் மொக்கை ஆனார். இன்றைய பள்ளிப் பிள்ளை ‘கிரிஞ்ச்’ என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அறுவை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தபோது கடி எதற்கு வந்தது? கடி இருக்கையில் மொக்கை எதற்கு?

நாற்காலிக்கு நாம் தலைமுறைக்கொரு பெயர் வைப்பதில்லை. தண்ணீர், கை, மூன்று போன்ற சொற்களை நூற்றாண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருக்கிறோம். அடிக்கடி மாறுபவை நன்று, தீது, சலிப்பு, மிகுதி என்று நம் மதிப்பீட்டையும் உணர்ச்சியையும் சொல்லும் சொற்கள்தான். இவற்றின் வலு கேட்பவரைச் சற்றே திடுக்கிட வைப்பதில் இருக்கிறது. ஒரு மனிதரின் பேச்சை ‘அறுவை’ என்று முதன்முதலில் கேட்டவருக்குக் கத்தி கண்முன் வந்திருக்கும். ஆயிரமாவது முறை கேட்டபோது கத்தி இல்லை, பொருள் மட்டும் மிஞ்சியது. அப்போது பல்லால் கடிக்கும் சொல் ஒன்று வந்தது. அதுவும் தேய்ந்தபோது, வெட்டக்கூட முடியாத மழுங்கிய முனையான மொக்கை வந்தது. பயன்பாடே சொல்லைத் தேய்க்கிறது. அதிகம் விரும்பப்பட்ட சொல் அதிகம் பேசப்படும். அதிகம் பேசப்பட்டது சீக்கிரம் மழுங்கும்.

இந்தத் தேய்மானத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் ‘மிக’ என்ற பொருளில் நாம் பயன்படுத்தும் சொற்களைப் பார்க்கலாம். ‘ரொம்ப’ என்பது ‘நிரம்ப’ என்பதன் பேச்சுருவம். ஒரு பாத்திரம் விளிம்புவரை நிரம்புகிற காட்சி அதற்குள் இருந்தது. இன்று ‘ரொம்ப பசிக்குது’ என்கிறவர் எதுவும் நிரம்புவதை நினைப்பதில்லை. காலி வயிற்றைச் சொல்ல நிரம்புதலைப் பயன்படுத்துகிறோம் என்பதே நமக்கு உறைப்பதில்லை. அதனால் ரொம்பவுக்கு மேலே வேறு சொற்கள் தேவைப்பட்டன. ‘பயங்கரமா நல்லா இருக்கு’ என்றோம். ‘கொலப்பசி’ என்றோம். 2011-இல் ஒரு பாட்டு ‘கொலவெறி’ என்ற சொல்லை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது. செம, தாறுமாறு, மரண மாஸ், வேற லெவல் என்று ஏணி நீண்டது. அச்சம், கொலை, மரணம் ஆகிய மூன்றும் ‘மிக’ என்பதற்கு வேலைக்காரர்கள் ஆனது தமிழில் மட்டும் நடந்ததல்ல. ஆங்கிலேயர்கள் ‘டெரிப்ளி’, ‘ஆஃபுலி’ என்று நல்லதைச் சொல்வதும் அச்சத்திலிருந்து பிறந்ததுதான். அவர்களுடைய ‘வெரி’ ஒரு காலத்தில் ‘உண்மையான’ என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது.

கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழக மொழியியலாளர் சாலி டாக்லியமாண்டேயும் கிறிஸ் ராபர்ட்ஸும் 2005-இல் இதை ஒரு வினோதமான இடத்தில் அளந்தார்கள். ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் எட்டு ஆண்டு உரையாடலை எடுத்துக்கொண்டு, ‘மிக’ என்னும் பொருளில் பாத்திரங்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று எண்ணினார்கள். ‘வெரி’ பின்தங்கி, ‘ரியலி’யையும் தாண்டி, ‘ஸோ’ முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பெண் பாத்திரங்களே அதை அதிகம் சொன்னார்கள். மொழி மாற்றங்களில் பல இப்படித்தான் இளம்பெண்களின் வாயில் முதலில் தெரியும். ‘இந்தக் காலத்துப் பெண்கள் பேசுகிற பேச்சு’ என்று வீடுகளில் எழும் புகாரை ஆய்வாளர்கள் ஒரு முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

தேய்மானம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, யார் நம்மவர் என்று காட்டும் தேவை. தமிழ் இலக்கணிகள் இதைக் கவனித்து அதற்குக் குழூஉக்குறி என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வைத்துக்கொள்ளும் மாற்றுப் பெயர் அது. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் ‘காரை’ என்பார்கள் என்று நன்னூல் உரைகள் எடுத்துக்காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது கள்ளுக்கு வேடர் வைத்த பெயர்: ‘சொல்விளம்பி’. உள்ளே போனதும் ஆளைப் பேசவைப்பது. இன்றைய டாஸ்மாக் வாசலிலும் இதைவிடப் பொருத்தமான ஒரு பெயரைக் கேட்க முடியாது. கொச்சையைக் கண்டு இலக்கணம் காதைப் பொத்திக்கொண்டது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். இலக்கணிகள் அங்கே திட்டவில்லை. கூர்ந்து கேட்டு, வகைப்படுத்தி, எடுத்துக்காட்டோடு எழுதி வைத்தார்கள்.

குழூஉக்குறிக்கு ஒரு சிக்கல் உண்டு. வெளியாட்கள் கற்றுக்கொண்டுவிட்டால் அது அடையாளமாக இருக்காது. அப்பா ‘வேற லெவல்’ என்று சொல்லத் தொடங்கும் நாளில் மகள் அதைக் கைவிடுகிறாள். அவள் வேண்டுமென்றே செய்வதில்லை. சொல் தன் வேலையை இழந்துவிட்டதை அவள் காது உணர்கிறது. அப்பாவின் பக்கத்தில் என்ன நடக்கிறது? 2013-இல் கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசிலும் அவருடன் சேர்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. பீர் விமரிசனம் எழுதும் இரண்டு இணையத் தளங்களில் பத்தாண்டுக்கு மேல் சேர்ந்த எழுத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். புதிதாக வரும் உறுப்பினர் முதலில் அங்கே புழங்கும் சொற்களை ஆவலோடு கற்கிறார். அங்கே இருக்கப்போகும் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் கற்பது நின்றுவிடுகிறது. அதன்பின் தளத்தின் மொழி மாறிக்கொண்டே போகிறது, அவர் தன் பழைய சொற்களோடு இருந்துவிடுகிறார். மாதக்கணக்கில் இருந்தவருக்கும் ஆண்டுக்கணக்கில் இருந்தவருக்கும் இந்த விகிதம் ஒத்தே வந்தது என்பதுதான் ஆச்சரியம். ஒருவர் எப்போது அங்கிருந்து விலகப்போகிறார் என்பதைக்கூட அவருடைய மொழி முன்கூட்டியே காட்டியது.

அப்படியானால் ஒருவரின் கொச்சையைக் கேட்டே அவர் எந்த ஆண்டுகளில் கல்லூரியில் இருந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மொழியின் மற்ற பகுதிகளால் இதைச் செய்ய முடியாது. அவருடைய வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் பேத்தியுடையவை போலவேதான் இருக்கும்.

சரி, புதுச் சொற்கள் எங்கிருந்து கிளம்புகின்றன? ஜாக் கிரீவ் என்ற மொழியியலாளர் தன் குழுவோடு 2013, 2014 ஆண்டுகளின் அமெரிக்க ட்விட்டர் பதிவுகளில் 890 கோடிச் சொற்களை அலசி, அந்தக் காலத்தில் வேகமாக மேலே வந்த 54 புதுச் சொற்களை வரைபடத்தில் பின்தொடர்ந்தார். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும்தான் ஊற்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் தென்மாநிலங்கள் பளிச்சென்று தெரிந்தன. கறுப்பின அமெரிக்கர்களின் ஆங்கிலமே புதுச் சொற்களின் மிகப் பெரிய ஊற்று என்று அந்த ஆய்வு காட்டியது. வேலை கேட்டுப் போன இடத்தில் ‘உங்கள் ஆங்கிலம் சரியில்லை’ என்று திருப்பியனுப்பப்படுகிற மக்களின் பேச்சிலிருந்துதான் அந்நாட்டின் நாகரிகச் சொற்கள் பிறக்கின்றன.

சென்னைக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. துறைமுகத்திலும் ரிக்‌ஷா நிறுத்தத்திலும் மீன்பிடிக் குப்பத்திலும் வளர்ந்த மெட்ராஸ் பாஷையைச் சினிமா பல ஆண்டுகள் சிரிப்புக்கும் ரவுடிக்கும் மட்டுமே ஒதுக்கியது. ஆனால் அதே சினிமா வழியாக அந்தச் சொற்கள் அனைவர் வீட்டு வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தன. அந்தப் பேச்சைக் கொஞ்சம் கிளறினாலே நகரத்தின் முந்நூறு ஆண்டு வாழ்க்கை தெரிகிறது. பேஜார், பாரசீகத்தில் மனம் வெறுத்தவரைக் குறிக்கும் சொல். பேமானியும் கலீஜும் நாஸ்தாவும் உஷாரும் உருது வழி வந்தவை. ஆற்காட்டு நவாபின் ஆட்களும் பட்டாளத்துக்காரர்களும் நடமாடிய தெருக்களின் மிச்சம். கஸ்மாலம்? பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ச்சுனனிடம் ‘இந்தச் சோர்வு எங்கிருந்து வந்தது’ என்று கண்ணன் கேட்கும் இடத்தில் வரும் சமஸ்கிருதச் சொல் அது. குருட்சேத்திரத்துத் தேர்த்தட்டிலிருந்து வண்ணாரப்பேட்டைச் சண்டைவரை வந்த சொல்லை வைத்திருப்பவர்களைப் ‘பாஷை தெரியாதவர்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதுவரை பார்த்தவை உள்ளுக்குள்ளேயே தேய்ந்து போகும் சொற்கள். இன்னொரு வகை உண்டு. அவை தேய்வதில்லை, அவற்றைத் தாங்கி நின்ற வாழ்க்கை நகர்ந்துபோவதால் நிராதரவாகின்றன. காலத்தை மிகத் துல்லியமாகக் காட்டுபவை இவைதான் என்று நான் நினைக்கிறேன். தொலைபேசி ஒன்றைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கலாம்.

டிரங்க் கால் என்றால் வெளியூர் அழைப்பு. எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் பல மடங்கு கட்டணத்தில் லைட்னிங் கால். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்தது. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் மூலைக்கு மூலை முளைத்தன. கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காக வாசலில் வரிசை நின்றது. ‘பூத்துல நிக்கிறேன்’ என்ற வாக்கியத்துக்கு அன்று இருந்த பொருள் இன்று தேர்தல் வேலைக்குப் போய்விட்டது.

பிறகு செல்போன். முதலில் பேசுபவருக்கும் காசு, எடுப்பவருக்கும் காசு. அந்த இடுக்கில் பிறந்ததுதான் ‘மிஸ்டு கால் கொடு’. அழைத்தவருக்கும் செலவில்லை, அழைக்கப்பட்டவருக்கும் செலவில்லை, ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். 2003 மே மாதம் வந்த புதிய கட்டண முறையில் அழைப்பை ஏற்பது இலவசமானது. இப்போது மிஸ்டு கால் வேறு வேலை செய்தது: காசுள்ளவர் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்ற வேண்டுகோள் ஆனது. யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதில் ஒரு சமூக ஒழுங்கே உருவானது. மகன் அம்மாவுக்குக் கொடுக்கலாம், ஊழியர் முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு ரிங் விட்டால் ஊர் சேர்ந்துவிட்டேன், இரண்டு விட்டால் கீழே இறங்கி வா. சங்கேத மொழி ஒன்று எழுதப்படாமலே ஊர் முழுக்கப் பரவியது. வங்கிகளும் அரசியல் கட்சிகளும் மிஸ்டு காலைக் கையில் எடுத்தன. அதையே தொழிலாகச் செய்த பெங்களூருவின் ஜிப்டயல் நிறுவனத்தை 2015-இல் ட்விட்டர் வாங்கியது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சுக்குக் கட்டணம் இல்லை என்றது. மிஸ்டு காலின் உயிர் அங்கே போனது. ஆனால் சொல் சாகவில்லை, இலக்கணம் மட்டும் மாறியது. ‘மிஸ்டு கால் கொடுத்தேன்’ என்பதில் செய்பவர் ஒருவர் உண்டு. ‘மிஸ்டு கால் இருந்துச்சு’ என்பதில் யாரும் எதையும் செய்யவில்லை, தவறிப்போனது, அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்த செயல் ஒன்று தற்செயலாக மாறிவிட்டது. கைவிட்ட வினைச்சொல்லின் இடத்தில் வாட்ஸ்அப் புதிய கவலையை வைத்தது. 2014 நவம்பரில் நீலக்குறி வந்த பிறகு ‘ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல’ என்பது ஒரு மனக்குறை. முந்தைய தலைமுறைக்குத் தொடர்புகொள்ளக் காசு இல்லை என்ற தவிப்பு. இந்தத் தலைமுறைக்குத் தொடர்பு கிடைத்தும் பொருட்படுத்தப்படவில்லை என்ற தவிப்பு. ஒரு கட்டண அட்டவணைக்கும் இரண்டு நீலக் கோடுகளுக்கும் இடையே மனிதர்களின் ஏக்கம் இடம் மாறியதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

நோயும் பஞ்சமும் விட்டுச்சென்ற சொற்கள் இன்னும் பழையவை. தென்மாவட்டங்களில் பாட்டிகள் ‘கொள்ளையில போறவனே’, ‘பேதியில போவ’ என்று திட்டுவார்கள். கொள்ளை என்பது ஊரையே அள்ளிக்கொண்டு போன தொற்றுநோய், பேதி என்பது காலரா. எத்தனையோ வீடுகளில் ஒரே வாரத்தில் பல சாவுகள் விழுந்த நினைவு அந்தத் திட்டில் இருக்கிறது. அள்ளி அள்ளிச் சாப்பிடும் பிள்ளையைப் ‘பஞ்சத்துல அடிபட்டவன்’ என்கிறோம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் போன்ற கொடுமைகளைக் கண்ணால் கண்டவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. சொல் இருக்கிறது, செல்லமாகக்கூடச் சொல்லப்படுகிறது.

சமீபத்திய உதாரணம் ஒன்றில் அடுக்குகள் வெளிப்படையாகத் தெரியும். 2001-இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ தமிழ்ப் படத்தில் வடிவேலு, நேசமணி என்ற பெயிண்ட் கான்ட்ராக்டர். தேவையில்லாத ஆணி எது என்று அவர் தன் ஆட்களிடம் எரிந்து விழும் காட்சி எல்லோருக்கும் தெரியும். சில ஆண்டுகளில் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்த தமிழ் இளைஞர்கள் அலுவலக வேலையையே ‘ஆணி’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். ‘இன்னிக்கு ஆணி அதிகம்’ என்றால் வேலை மிகுதி. குளிரூட்டிய அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் வேலைக்குச் சுத்தியலும் ஆணியும் உள்ள ஒரு பெயரை ஏன் தேடிப் பிடித்தார்? தான் செய்வது யாருக்குத் தேவை, எதற்குத் தேவை என்று கண்ணுக்குத் தெரியாத வேலை அது. அந்த நகைச்சுவைக் காட்சியில் கேள்விக்குள்ளாவதும் அதுவேதான். தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியைப் பற்றி அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட பெருமைக் கட்டுரைகளில் இந்த உணர்வைத் தேடினால் கிடைக்காது. 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி ஒரு குறிச்சொல் உலக அளவில் வலம் வந்தபோது, பதினெட்டு ஆண்டுப் பழைய காட்சி புதிய தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது.

எந்தச் சொல் நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அமெரிக்க அகராதியியலாளர் ஆலன் மெட்காஃப் 2002-இல் ஒரு சோதனை வகுத்தார். சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு வகை மக்கள் சொல்கிறார்கள், அதிலிருந்து புதுச் சொற்கள் கிளைக்கின்றனவா, அது குறிக்கும் பொருள் நீடிக்குமா என்றெல்லாம் பார்த்தார். இவற்றோடு அவர் சேர்த்த இன்னொன்றுதான் முக்கியம்: சொல் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். சாமர்த்தியமாகச் செய்த சொல் கைதட்டல் வாங்கும், பிறகு போய்விடும். அமெரிக்கப் பேச்சுவழக்குக் கழகம் 1990-இல் முதன்முறையாக ஆண்டின் சொல்லைத் தேர்ந்தபோது ‘புஷ்லிப்ஸ்’ வென்றது. புதிய வரி கிடையாது, என் உதட்டைப் பாருங்கள் என்று வாக்குறுதி கொடுத்து ஆட்சிக்கு வந்த அதிபர் புஷ், வரியை உயர்த்தச் சம்மதித்த ஆண்டு அது. இன்று அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

உறுத்தாமல் வாழ்ந்ததற்கு ‘ஓகே’ சாட்சி. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அது ஒரு எழுத்துப்பிழை விளையாட்டாகப் பிறந்தது. ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பான எழுத்துக்களில் எழுதிச் சுருக்கினார்கள். அப்போது அப்படிப்பட்ட சுருக்கங்கள் பல இருந்தன, எல்லாம் மறைந்தன. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரன் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்ற செல்லப் பெயரும் ஓ.கே. என்றே சுருங்கியது, ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கங்கள் தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் பிழைத்தது. அதன் பிறப்பைப் பற்றிக் கதைகள் பலவாறாக உலவின. ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய நாளிதழ்களைப் புரட்டி, 1963, 64-இல் உண்மையை நிறுவினார். நாளிதழில் தேதி அச்சாகியிருந்ததால் அவரால் அது முடிந்தது.

நமக்குக் குறை அங்கேதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் அது எழுத்தில் வந்த ஆண்டை வரிசையாகக் கொடுக்கிறது. தமிழ் அகராதிகள் பேச்சு வழக்கு என்று குறி போடுகின்றன, ஆண்டு போடுவதில்லை. க்ரியா ராமகிருஷ்ணன் தற்காலத் தமிழ் அகராதியை 1992-இல் கொண்டுவந்து, 2020-இல் மூன்றாம் பதிப்பு வெளியான சில நாட்களில் கொரோனாவில் மறைந்தார். தற்காலச் சொல்லை மதித்துப் பதிவு செய்யலாம் என்பதற்கு அந்த உழைப்பு பெரிய முன்னுதாரணம். கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களைத் தனியாளாகத் தொகுக்கத் தொடங்கினார். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும் தெருப்பேச்சை யாராவது தேதியோடு பிடிக்க வேண்டும். இ-பாஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் அடுத்த மாவட்டத்துக்குப் போகக்கூட அது தேவைப்பட்டது. சாவுக்குப் போக இ-பாஸ் கிடைக்காமல் அழுதவர்கள் உண்டு. மெட்காஃப்பின் சோதனையில் அது நிச்சயம் தோற்கும், ஏனென்றால் அது குறித்த நிலைமை நீடிக்கவில்லை. அந்த ஆண்டைப் பற்றி அறிய விரும்பும் ஒருவருக்கு அதைவிட நல்ல திறவுகோலும் கிடையாது.

தேதியுள்ள ஒரு பெரும் சேமிப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது நம்பிக்கை தருகிறது. 1931-இல் காளிதாஸ் வெளியானது முதல் தமிழ் பேசும் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. நகைச்சுவை நடிகர்களும் துணைப் பாத்திரங்களும் அந்தந்த ஆண்டின் தெருப்பேச்சையே பேசினார்கள். அப்போதுதான் அரங்கு சிரித்தது. ஒவ்வொரு படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழில் தேதி இருக்கிறது. நாகேஷிலிருந்து கவுண்டமணி, வடிவேலு, சந்தானம் வரை வரிசையாகக் கேட்டு எழுதும் வேலையை ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த் துறை நாளையே மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.